கடைக்கு ரிவியூ வேணும். மாதாமாதம் டொலர் கட்டத்தான் வேணுமா?

கரடிப்போக்கு சாப்பாட்டுக்கடை:
வணக்கம். கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட அம்மாவோட சின்னச் சாப்பாட்டுக்கடை நடத்துறன். மத்தியானம் சோறும் இரணைமடு மீன்குழம்பும், பின்னேரம் புட்டு. ஏ9ஆல போற சனம் போனில கூகிள் மப் (வரைபடம்) பாத்துத்தான் நிப்பாட்டுது. எங்கட கடை அதில இல்லை. ஒருத்தர் வந்து, ரிவியூ எடுத்துத் தாற தளம் இருக்கு, மாதம் 40 டொலர் எண்டார். எங்களுக்கு அது பெரிய காசு. கூகிளில நானே பதிஞ்சு பாத்தன். கடை உண்மையா இருக்கெண்டு காட்ட வீடியோ கேட்டுது, அனுப்பினன், சரிவரேல்லை. என்ன பிழை?

வவுனியா தம்பி:
அந்தக் காசைக் கட்டாதேங்கோ அக்கா. கூகிள் பிசினஸ் புரொஃபைல், அதுதான் மப்பில வாற கடைப்பக்கம், இலவசம். வீடியோவில என்ன காட்டினீங்கள்?

கரடிப்போக்கு சாப்பாட்டுக்கடை:
அடுப்படியும் மேசையளும். பெயர்ப்பலகை மாரிக்காத்தில விழுந்தது, திரும்பப் போடேல்லை.

வவுனியா தம்பி:
அதுதான் பிழை. பலகையைப் போட்டிட்டு ரோட்டில இருந்து தொடங்குங்கோ: பக்கத்துக் கடை, உங்கட பலகை, பூட்டைத் திறக்கிறது, அடுப்படி, காசு லாச்சி. வெட்டாமல் ஒரே ஓட்டமா எடுக்கோணும். ஆக்களின்ர முகம் வேண்டாம். பலகையில இருக்கிற பெயரையே புரொஃபைலிலயும் போடுங்கோ. 'கிளிநொச்சியில சிறந்த' எண்டெல்லாம் பெயரோட ஒட்டக்கூடாது.

மாங்குளம் அக்கா:
நாங்கள் அறை வாடகைக்கு விடுறனாங்கள். வெளிநாட்டு ஆக்களுக்காக ட்ரிப்அட்வைசர் எண்ட பயணிகள் ரிவியூத் தளத்திலயும் இலவசமாப் போட்டிருக்கிறம். உங்களுக்குக் கூகிள் போதும். பேஸ்புக்கில 2018இல இருந்து நட்சத்திரம் இல்லை, பரிந்துரைக்கிறீங்களா இல்லையா எண்டுதான் கேக்கும்.

பிள்ளை, ஒண்டு சொல்லுறன். கனடா, லண்டன் சொந்தக்காரரைக் கொண்டு ஐஞ்சு நட்சத்திரம் போடுவிக்காதேங்கோ. சாப்பிடாத ஆள் எழுதினால் அது பொய், கூகிள் விதிக்கும் எதிர். ரிவியூ போட்டால் வடை இலவசம் எண்டும் சொல்லேலாது.

கரடிப்போக்கு சாப்பாட்டுக்கடை:
அப்ப எப்பிடிக் கேக்கிறது அக்கா? எனக்கு வாய் வராது.

மாங்குளம் அக்கா:
புரொஃபைலில, போனால ஸ்கான் பண்ணினால் ரிவியூ எழுதுற பக்கம் திறக்கிற கியூஆர் குறி எடுக்கலாம். பிரிண்ட் பண்ணி, காசு வாங்கிற மேசையில ஒட்டுங்கோ. கை கழுவிப்போட்டுக் காசு தரேக்க, "மீன்குழம்பைப் பற்றி ரெண்டு வரி எழுதுங்கோ" எண்டு சொன்னாக் காணும். சிரிச்ச முகத்தைப் பாத்து மட்டும் கேக்கிறேல்லை, எல்லாரிட்டயும் கேளுங்கோ. உப்புக் கூட எண்டு ஒருத்தர் எழுதினால் அண்டைக்கே பதில் போடுங்கோ. என்னட்ட அறை எடுத்த கனபேர், குறைக்கு நான் எழுதின பதிலை வாசிச்சிட்டுத்தான் வந்தவை.

கரடிப்போக்கு சாப்பாட்டுக்கடை:
ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி. பலகைக்குச் சொல்லியாச்சு, வெள்ளிக்கிழமை தருவினமாம். சனி காலமை கடை திறக்கேக்க வீடியோ எடுக்கிறன். அனுப்பிப்போட்டு இங்க வந்து சொல்லுறன்.