கையால் செய்த அலமாரி: உட்பலகையைப் பொருத்திய பின் துளையிடுவதா, முன்பே இடுவதா?

கேள்வி:
நான் செய்துவரும் மர அலமாரியின் மூலைக்கால்கள், பக்கப் பலகைகளைவிட 20 மி.மீ. உள்ளே துருத்திக்கொண்டிருக்கின்றன. உட்புறத்தில் 12 மி.மீ. பிளைவுட்டைப் பசையிட்டு ஒட்டி, அதில் துளைகள் இட்டு, வேண்டிய உயரத்தில் தட்டுகளை மாற்றி வைத்துக்கொள்ள எண்ணுகிறேன். ஒரு கழிவுப் பலகையில் அளவுநாடாவைக் கொண்டு துளையிட்டுப் பார்த்தேன். தட்டு, துளைகளில் செருகிய நான்கு முளைகளுள் மூன்றில் மட்டுமே அமர்ந்து, நான்காவது மூலையில் ஆடுகிறது.

மறுமொழி 1:
முன்பே துளையிடுங்கள், கூட்டுக்குள் டிரில்லை நுழைத்து நேராக இறக்குவது கடினம். பசை வேண்டாம். கெட்டி மரப் பலகை காற்றின் ஈரத்திற்கேற்ப அகலவாட்டில் விரிந்து சுருங்கும், பிளைவுட் அந்த அளவுக்கு அசையாது. இரண்டையும் ஒட்டிவிட்டால் வறண்ட காலத்தில் பலகை வெடிக்கக்கூடும். பிளைவுட்டைக் கால்களின் மேல் படியவைத்துத் திருகாணியால் மட்டும் இறுக்கினால், பின்னாலுள்ள இடைவெளியில் பலகை தன் போக்கில் அசைந்துகொள்ளும். துளை வரிசைகள் கால்களுக்கு நேராக வந்தால், பாரம் ஏறும் இடத்தில் பிளைவுட் வளையாது.

மறுமொழி 2:
ஒவ்வொரு துளையையும் முந்தைய துளையிலிருந்து அளந்திருப்பீர்கள். அரை மில்லிமீட்டர்ப் பிழைகள் அப்படித்தான் சேர்ந்துகொண்டே போகும். கெட்டியான ஒரு பட்டையில் 32 மி.மீ. இடைவெளியில் 5 மி.மீ. துளைகளை ஒருமுறை கவனமாக இட்டு, அதையே நான்கு வரிசைகளுக்கும் அச்சாகக் கொள்ளுங்கள். அச்சின் அடிமுனை எப்போதும் பிளைவுட்டின் அடிவிளிம்போடு பொருந்த வேண்டும் என்பதால், அந்த முனையில் ‘கீழ்’ என்று பெரிதாக எழுதிவிடுங்கள். (எழுதாமல் தலைகீழாக வைத்து ஒரு பலகையை வீணாக்கியவன் நான்.) துளை 9 மி.மீ. ஆழத்தைத் தாண்டாதிருக்க, டிரில் முனையில் டேப் சுற்றுவதைவிடத் துளையிட்ட சிறு மரக்கட்டை ஒன்றைக் கோத்துக்கொள்வது நம்பகமானது. டேப் சூடேறி நழுவும்.

மறுமொழி 3:
தட்டுகளை உட்பலகைகள் பொருத்தப்பட்ட பின்பே அறுங்கள். முன்னும் பின்னும் அகலத்தை அளந்து, குறைவானதிலிருந்து 2 மி.மீ. கழித்துக்கொள்ளுங்கள். தட்டின் நீளம் 90 செ.மீ. என்றால், புத்தகப் பாரத்தில் 18 மி.மீ. பிளைவுட்டும் நடுவில் தொய்யும். முன்விளிம்பில் 40 மி.மீ. உயரமுள்ள மரப்பட்டையை நிறுத்தி ஒட்டிவிடுங்கள்.

கேட்டவர்:
நன்றி. பட்டையால் அச்சு செய்து மீண்டும் துளையிட்டதில் ஆட்டம் நின்றுவிட்டது. உட்பக்கத்தின் அகலம் பின்புறத்தில் 3 மி.மீ. குறைவு என்பதையும் இப்போதுதான் கண்டேன்.