காந்தப் படுக்கை வாங்கலாமா?

கேள்வி:
அம்மாவுக்கு மூட்டுவலி. எங்கள் தெருவில் கூட்டம் போட்டுக் காந்தப் படுக்கை விற்கிறார்கள். ரத்தத்தில் உள்ள இரும்பைக் காந்தம் இழுத்து ஓட்டத்தைச் சீராக்குமாம். தவணையும் உண்டு. அம்மா ஆசைப்படுகிறார். வாங்கலாமா?

பதில் 1:
வேண்டாங்க. அந்த இரும்பு ரத்தத்தின் சிவப்புப் புரதமான ஹீமோகுளோபினுக்குள் பிணைந்திருக்கிறது, ஆணி மாதிரி காந்தத்தில் ஒட்டாது. 1.5 டெஸ்லா வலிமையுள்ள பெரிய காந்தம் கொண்ட எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குள் படுத்தவருக்கே ரத்தம் ஒரு பக்கமாக இழுபடுவதில்லை. படுக்கைக் காந்தம் எம்மாத்திரம்?

பதில் 2:
என் மாமியார் காந்த வளையல் போட்ட பிறகு வலி குறைந்தது என்கிறாரே?

பதில் 1:
குறைந்திருக்கும் அக்கா. மூட்டுவலி தானாகவே கூடும், குறையும். அப்புறம், அம்மாவுக்கு இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி இருக்கிறதா? காந்தம் நெஞ்சருகே வந்தால் அது இயங்கும் விதமே மாறிவிடும். 15 செ.மீ. தள்ளியே இருக்க வேண்டும்.

கேட்டவர்:
போன வருஷம்தான் வைத்தோம்! விற்கிறவர் அதைக் கேட்கவே இல்லை. சரி, வேண்டாமென்று சொல்லிவிடுகிறேன்.