இறைவனை நடுவாகக் கொண்ட வாழ்வும் அறிவும்: சிவஞானபோதத்தில் ஓர் ஐயம்

கேள்வி:
வணக்கம். சைவ சித்தாந்தத்தின் முதன்மை நூலான சிவஞானபோதம் பயிலத் தொடங்கியிருக்கிறேன். பத்தாம் சூத்திரத்தில் வரும் ‘இறைபணி நிற்க’ என்பதை எப்படிக் கொள்வது? அலுவலகம், குடும்பம், வீட்டுக்கடன் தவணை என்று ஓடும் ஒருவர் இறைவனையே நடுவாக வைத்து வாழ இயலுமா? எல்லாம் அவன் செயல் என்றால், என் தவற்றுக்கும் அவனே பொறுப்பாகிவிட மாட்டானா?

மறுமொழி 1:
இறைபணி என்றதும் கோயில் திருப்பணியை மட்டும் நினைத்துவிடுகிறோம். நூலாசிரியர் மெய்கண்டார் கைவைப்பது, செய்கிற எந்த வேலையின்மீதும் ‘யான் செய்தேன், எனக்கு’ என்று நாம் கொண்டாடும் உரிமையில். அப்பர் திருப்புகலூரில் உழவாரத்தால் புல் செதுக்கியபோது மண்ணில் பொன்னும் மணியும் கிடந்தன என்றும், அவர் அவற்றைப் பருக்கைக் கற்களோடு சேர்த்து வாரிக் குளத்தில் எறிந்தார் என்றும் சேக்கிழார் பாடுகிறார். அவர் பொன்னை வெறுத்து வீசியதாக எனக்குப் படவில்லை. அடியார் நடக்கும் முற்றத்தில் காலை உறுத்தும் எதுவும் அவருக்குக் கல்லே. தவணை கட்டுவதையும் அந்த மனநிலையில் கட்டலாம். சம்பள உயர்வு வரும் மாதத்தில்தான் அது கடினம்!

மறுமொழி 2:
வாழ்வைப் பற்றிச் சொன்னீர்கள். அறிவைப் பற்றிப் பதினோராம் சூத்திரம் பேசுகிறது. கண் தானாகக் காண்பதில்லை, உயிர் உடன் நின்று காட்டுவதால் காண்கிறது. அவ்வாறே உயிர் அறிவதற்கும் இறைவன் காட்டியும், உடன் நின்று கண்டும் உதவுகிறான் என்பது அதன் கருத்து. ஆகவே, ஆராய்வதை அது நிறுத்தச் சொல்லவில்லை; ஆராய்ந்து தெளிந்ததைத் தன் சொந்த ஆற்றலின் விளைவாகக் கருதும் செருக்குக்குத்தான் அங்கே இடமில்லை.

பொறுப்பைப் பற்றிய ஐயத்துக்கு முப்பொருள் உண்மையே விடை. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) மூன்றும் அநாதி, அதாவது தொடக்கமற்றவை, என்பதால், இறைவனோடு ஒன்றி நிற்கும்போதும் உயிர் இல்லாமல் போவதில்லை. தவறோ, ‘யான், எனது’ என்னும் முனைப்பைத் தரும் பாசமாகிய ஆணவத்தின் வழியே நேர்கிறது. அந்த முனைப்பு அறாமலே, பாராட்டைத் தான் வாங்கிக்கொண்டு பழியை மட்டும் இறைவன் தலையில் கட்டுவோருக்குப் பத்தாம் சூத்திரம் துணைவராது.

கேட்டவர்:
நன்றி. அப்படியானால் இந்த நிலை முயற்சியால் வருவதா, அருளால் வருவதா?

மறுமொழி 2:
‘அவன் அருளாலே அவன்தாள் வணங்கி’ என்கிறார் மணிவாசகர். வணங்கும் முயற்சியே அருளின் பயன் என்பது சைவர் கொள்கை. மொத்தம் 12 சூத்திரங்கள், 40 அடிகள்தான் என்றாலும், பத்தாவதைத் தனியே எடுத்துப் படித்தால் இந்தக் குழப்பம் திரும்பத் திரும்ப வரும். உயிரின் இயல்பைச் சொல்லும் முந்தைய சூத்திரங்களைச் இந்நூலுக்குச் சிவஞான முனிவர் எழுதிய சுருக்கமான உரையான சிற்றுரையோடு முதலில் முடித்துவிட்டு வாருங்கள்.