மறு: ஏர்சென்ட் நாய்க்குத் தமிழில் என்ன? 'வாடைநாய்' என்றால் என்ன குறை?

நண்பர்களுக்கு வணக்கம்.

காற்றில் வரும் மனித வாசனையைப் பிடித்து ஆளைத் தேடும் ஏர்சென்ட் (air-scent) நாய்க்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம், 'வாடைநாய்' சரிப்படுமா என்று கேள்வியைக் கிளப்பிவிட்டு நாலு நாளாகக் காணாமல் போனவன் நான்தான். ஊரில் ஒரு காதுகுத்து, மன்னிக்கவும். இன்று காலையில் எல்லாருடைய மடல்களையும் ஒரே மூச்சில் படித்து முடித்தேன். பாதிப் பேர் 'மோப்ப நாய் என்று ஏற்கெனவே நல்ல சொல் இருக்கும்போது இவனுக்கு என்ன குடைச்சல்' என்கிற தொனியில் எழுதியிருக்கிறீர்கள், மீதிப் பேர் 'வளிமோப்பி', 'காற்றுமண உணர்நாய்' என்று இறங்கிவிட்டீர்கள். முதல் கட்சிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

மலையில் வழி தவறியவர்களையும் இடிபாட்டில் சிக்கியவர்களையும் தேட நாயைப் பழக்குவது எப்படி என்று தன்னார்வலர்களுக்கான ஒரு சின்னக் கையேடு, அதைத் தமிழில் கொண்டுவருவதுதான் என் வேலை. முதல் அத்தியாயமே நாய்களை இரண்டாகப் பிரிக்கிறது. அங்கேயே நின்றுவிட்டேன், ஏனென்றால் நம்மிடம் இருப்பது மோப்ப நாய் என்ற ஒரே சொல், அதையும் செய்தித்தாள்கள் ஒரு மாதிரி ஆக்கி வைத்திருக்கின்றன. மோப்ப நாய் வரவழைக்கப்பட்டது, சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது, யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை. சின்ன வயதிலிருந்து இதைப் படித்துப் படித்து, மோப்ப நாய் என்றாலே திருடன் வீட்டுக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் நின்று யோசிக்கும் ஒரு ஜீவன்தான் என் கண்ணுக்குத் தெரிகிறது.

அந்த நாய் செய்வது ஒரு வேலை. காணாமல் போனவர் போட்டுக் கழற்றிய சட்டையையோ தலையணை உறையையோ முகரக் கொடுப்பார்கள், மார்புப் பட்டையில் நீளமான கயிறு கட்டியிருக்கும், மூக்கைத் தாழ்த்திக்கொண்டு அந்த ஒரு ஆள் போன வழியே போகும். வேறு ஆள் குறுக்கே நடந்திருந்தாலும் அதற்குக் கவலையில்லை. இன்னொரு வகை நாய்க்குச் சட்டையும் வேண்டாம், கயிறும் கிடையாது. தலையைத் தூக்கிக்கொண்டு காற்றில் வருவதைப் பிடிக்கும். யாருடைய வாடை என்று அது பார்ப்பதில்லை, மனிதனாக இருந்தால் போதும். ஆளரவமில்லாத காட்டில் இது தங்கம். அதே நாயைச் சித்திரைத் திருவிழாவில் தொலைந்த பிள்ளையைத் தேட அவிழ்த்துவிட்டால் ஆற்றுக்குள் நிற்கும் அத்தனை பேரையும் வரிசையாகக் கண்டுபிடித்துக் கொடுக்கும்.

எந்த நாயை எங்கே கூப்பிடுவது என்பதே இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. முதல் வகைக்குத் தடநாய். இதில் யாருக்கும் சண்டையில்லை என்று நினைக்கிறேன். (தரையில் மிதிபட்ட புல்லின் வாசனையைப் பிடிப்பது வேறு, ஆளின் வாசனையையே பிடிப்பது வேறு என்று கோவை ஐயா பிரித்துக் காட்டியது சரிதான், ஆனால் அது ஐந்தாம் அத்தியாயத்துக் கவலை.) இரண்டாவதற்கு வாடைநாய் என்கிறேன்.

சொல் எங்கிருந்து கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆடி பிறந்த சமயம், நாகமலை அடிவாரத்தில் வறண்டு கிடந்த ஒரு கண்மாயில் நண்பர் ஒருவர் தன் நாயைப் பழக்குவதைப் பார்க்கப் போனேன். உசிலம்பட்டிப் பக்கத்து ஆள், கலைச்சொல், கடைச்சொல் எதுவும் தெரியாது. கறுப்பு லாப்ரடார், இரண்டு வயதுப் பெட்டை. காலை ஆறரை மணி. ஒரு கல்லூரிப் பையனை எங்கேயோ ஒளிய அனுப்பிவிட்டு, நண்பர் சட்டைப்பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து ஒரு சிட்டிகையை விரலிடுக்கில் உதிர்த்தார். நான் ஏதோ சாமி கும்பிடுகிறார் என்று கையெடுக்கப் போனேன். அது காற்றுப் பார்க்கிற வேலையாம். வெளிநாட்டில் இதற்கென்று பவுடர் குப்பி வைத்திருக்கிறார்கள். நீறு தரையில் விழாமல் கிழக்கே சாய்ந்து போனது. மேல்காற்று.

நாயை அவிழ்த்துவிட்டார். அது காற்றை எதிர்த்து நேராக ஓடவில்லை. காற்றுக்குக் குறுக்கே, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு, கொஞ்சம் முன்னேறி மறுபடி அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கு. நாலாவது நடையில், ஓட்டத்தின் நடுவில், யாரோ காதைப் பிடித்து இழுத்த மாதிரி தலை மட்டும் வெட்டித் திரும்பியது. உடம்பு அதே வேகத்தில் இன்னும் ரெண்டு எட்டு முன்னே போய், பிறகுதான் தலை போன பக்கம் வந்து சேர்ந்தது. "வாடை கிடைச்சிருச்சு" என்றார் நண்பர், என்னிடம் அல்ல, தனக்குத்தானே. கொஞ்ச தூரம் போய் நாய் தடுமாறியது. "அத்துப்போச்சு." திரும்பி வந்து இடமும் வலமுமாக வெட்டி வெட்டி, ஒவ்வொரு வெட்டும் முந்தியதைவிடக் குறுகலாக, கடைசியில் கருவேலத்துக்குள் நுழைந்து குரைத்தது. பையன் கயிறு கட்டிய பந்தோடு வெளியே வந்தான், அந்தப் பந்துதான் அவளுக்குக் கூலி.

வாடை கிடைத்தது, வாடை அற்றுப்போனது. நாம் இங்கே நாலு நாள் முட்டிக்கொண்டதை அந்த மனிதர் ரெண்டு வார்த்தையில் முடித்துவிட்டார்.

சரி, மறுப்புகள். வாடை என்றால் வடக்கேயிருந்து வரும் காற்று, குழப்பம் வரும் என்கிறார் கோவை ஐயா. ஐயா, காற்றும் வாசனையும் ஒரே சொல்லுக்குள் இருப்பது இந்த நாயின் வேலைக்கு வாய்த்த பேறு என்றே எனக்குத் தோன்றுகிறது. வாடைநாய் என்று கேட்டு மார்கழிக் குளிரில் மட்டும் வேலை செய்யும் நாய் என்று யாரும் நினைக்கப்போவதில்லை. வாடை என்பது கெட்ட நாற்றம் அல்லவா, தொலைந்துபோனவரை அவமதிப்பது போல ஆகாதா என்று சென்னை அக்கா கேட்டிருந்தீர்கள். நாற்றம் என்ற சொல்லே ஒரு காலத்தில் பூவுக்கு உரியதாக இருந்து இன்று சாக்கடைக்கு வந்துவிட்டது, அந்தக் கதை உங்களுக்கே தெரியும். வாடை அவ்வளவு தூரம் இறங்கவில்லை. உங்கள் பாட்டி சொன்ன கதையில் ஏழு மலை தாண்டி இருக்கிற ராட்சசன் குகைக்குள் நுழைந்ததும் என்ன சொல்வான்? "மனுசவாடை அடிக்குதே!" இளவரசனின் சட்டையை யாரும் அவனுக்கு முகரக் கொடுக்கவில்லை, காலடியையும் அவன் பார்க்கவில்லை. காற்றில் மனுசவாடை வந்தது, யாரோ இருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது. இந்த நாய் செய்வது அச்சு அசலாக அதே வேலை, பிடித்துத் தின்பது ஒன்றைத் தவிர. எல்லாத் தமிழ்ப் பிள்ளைக்கும் ஆறு வயதிலேயே தெரிந்த ஒரு கருத்துக்கு 'வளிமோப்பி' என்று பெயர் வைத்தால் அது ரேடியோ உதிரிபாகம் மாதிரி இருக்கிறது, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வாடைநாய் நிலைத்தால் மற்றவை தானாகவே வந்து ஒட்டிக்கொள்கின்றன. ஆளிடமிருந்து கிளம்பும் வாசனை காற்றுப் போகும் பக்கம் விரிந்துகொண்டே போகிறதே, ஆங்கிலத்தில் கூம்பு என்கிறார்கள், நம்மிலும் பலர் 'மணக்கூம்பு' என்று அதையே பெயர்த்திருக்கிறீர்கள். பாடப்படத்தில் கூம்புதான். கண்மாயில் அப்படி இல்லை, அது ஆடுகிறது, அறுந்து அறுந்து வருகிறது. யாழ்ப்பாண நண்பர் போகிறபோக்கில் எழுதிய 'வாடைத்தோகை' எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. அடி குறுகி நுனி விரிந்து அசைவதெல்லாம் தோகையில் வந்துவிடுகிறது. (அலங்காநல்லூர்க்காரர்கள் கரும்புத் தோகையை நினைத்துக்கொள்வார்கள், பரவாயில்லை.) பள்ளத்திலோ பாறை முடுக்கிலோ காற்று முட்டிக்கொண்டு வாசனை தங்கிவிடுவது வாடைத்தேக்கம். நாய் குறுக்கே குறுக்கே போய்த் தேடுவதற்குக் 'கட்டத் தேடல்' வேண்டாம், ஏர் ஓட்டுகிறவர்களிடம் சால் (உழும்போது ஏர் ஒருமுறை போகிற கோடு) என்ற சொல் இருக்கிறது. சால் போடுவது, சால் இடைவெளி, சால் விட்டுப்போனது. காலையில் காற்று சீராக இருந்தால் சால்களை அகலமாகப் போடலாம், வெயில் ஏறினால் நெருக்கிப் போட வேண்டும் என்று எழுதினால் எங்கள் ஊரில் விளக்கவுரை தேவைப்படாது.

வெயில் ஏறினால் என்ன ஆகும் என்று அன்றைக்கு அனுபவித்தேன். பத்து மணிக்கு என்னை ஒளியச் சொன்னார்கள். மடைக்குப் பக்கத்தில் ஒரு குழியில் படுத்துக்கொண்டேன், கட்டெறும்பு துணைக்கு. தரை சுட்டுவிட்டால் வாசனை கிடையாகப் போகாமல் மேலே கிளம்பிவிடுமாம். நாய் இருபது அடியில் என்னைத் தாண்டிப் போனது, அதன் மூச்சிரைப்பு எனக்கு நன்றாகக் கேட்டது. வாயைப் பிளந்து இரைக்கும் நாய்க்கு மோப்பமும் குறையும், உடம்பைக் குளிர்விக்கவே மூச்செல்லாம் செலவாகிவிடுகிறது. என்னைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம். நமக்கு 60 லட்சம் என்றால் அதற்கு 30 கோடி வரை மோப்ப ஏற்பிகள் என்கிறார்கள், ஆடி மாதத்துப் பத்து மணி வெயிலில் அந்த முப்பது கோடியும் என்ன செய்யும்.

அடுத்தது அலர்ட். ஆளைக் கண்டதும் நாய் தெரிவிக்கும் விதம். குறிகாட்டல், எச்சரிக்கை, உணர்த்துகை என்று மூன்று வந்திருக்கின்றன. எச்சரிக்கை கண்டிப்பாகக் கூடாது, இங்கே ஆபத்து எதுவும் இல்லை, நல்ல சேதிதான். நமக்குப் பல்லியே சொல்கிறது, நாய் சொல்லாதா? 'சொல்' என்றே வைத்துக்கொள்ளலாம். குரைத்துச் சொல்வது, உட்கார்ந்து சொல்வது, கூட்டிக்கொண்டு போய்ச் சொல்வது (ஆளைக் கண்டபின் திரும்பி ஓடிவந்து, பழக்கியவரை அழைத்துப் போகும்), ஆள் இல்லாமலே குரைத்தால் பொய்ச்சொல். இடிபாட்டில் இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் கான்கிரீட் இடுக்குகளில் நுழைந்து வாசனை எங்கேயோ ஒரு ஓட்டையில் வெளிவரும், நாய் அங்கே நின்றுதான் குரைக்கும், ஆள் சற்றுத் தள்ளிக் கிடக்கலாம். அதனால் இன்னொரு நாயையும் விட்டுப் பார்ப்பார்கள். 2023 பிப்ரவரி 6 அன்று துருக்கியில் நிலநடுக்கம் வந்தபோது நம் தேசியப் பேரிடர் மீட்புப் படையோடு போன ஜூலி என்ற நாய் நூர்தா (Nurdağı) என்ற ஊரில் ஒரு இடிபாட்டின்மேல் நின்று குரைத்ததும், ரோமியோ என்ற இன்னொரு நாயையும் விட்டு உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே தோண்டினார்கள், ஆறு வயதுச் சிறுமி உயிரோடு வந்தாள். ஜூலி சொன்னது, ரோமியோ ஒத்துச் சொன்னது. 'ஒத்துச்சொல்' என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

நாயைப் பழக்கி அதோடு தேடப் போகிற ஹேண்ட்லருக்கு நாய்ப்பாகன் என்று ஒருவர் எழுதியிருந்தார், அழகுதான், ஆனால் பாகன் ஓட்டுகிறவன், இங்கே நாய் முன்னால் போக மனிதன் பின்னால் ஓடுகிறான். 'இணையர்' என்று எழுதியவர் அந்தச் சொல் கல்யாணப் பத்திரிகைக்குப் போய்விட்டதைக் கவனிக்கவில்லை போல. இப்போதைக்கு நாய்க்கூட்டாளி என்று போட்டிருக்கிறேன், மனசு ஒப்பவில்லை.

இறந்தவர்களைத் தேடும் நாய் பற்றி. மூலத்தில் 'மனித எச்சம்' என்று பெயர்க்கத் தூண்டும் சொல்தான் இருக்கிறது. தமிழில் எச்சம் காக்கை போடுவது, வள்ளுவரிடம் பிள்ளைகள், இலக்கணத்தில் பெயரெச்சம் வினையெச்சம். வேண்டவே வேண்டாம். பிணமோப்ப நாய் என்பது அகராதிக்குச் சரி. 2024 ஜூலை 30 நிலச்சரிவுக்குப் பிறகு வயநாட்டில் அப்படிப்பட்ட நாய்கள் சேற்றில் இறங்கியபோது கரையில் நின்றது சொந்தக்காரர்கள். அவர்கள் காதில் விழும்படி சொல்லக்கூடிய சொல்லாக இருக்க வேண்டும். 'உடல்தேடும் நாய்' என்று எழுதியிருக்கிறேன்.

கடைசியாக, தூத்துக்குடி அக்கா எழுப்பிய சந்தேகத்துக்கு என்னிடம் பதில் இல்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பெட்டிமுடியில் மண் சரிந்தது, போனவர்களில் பெரும்பாலோர் நம் தோட்டத் தொழிலாளர்கள். அங்கே குவி என்ற வீட்டு நாய், யாரும் பழக்காத நாய், ஒரு வாரத்துக்குப் பிறகு ஆற்றங்கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்ததால்தான் அந்த வீட்டு இரண்டு வயதுக் குழந்தையின் உடல் கிடைத்தது. 'குவி உங்கள் பிரிவினையில் தடநாயா, வாடைநாயா?' என்று கேட்கிறார். வாடை காற்றிலோ நீரிலோ வந்திருக்கும், ஆனால் அதற்குத் தேவைப்பட்டது ஏதோ ஒரு மனுசவாடை அல்ல, அந்த ஒரு பிள்ளையின் வாடை. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பிரிவினை பழக்கிய நாய்க்கு மட்டும் என்று முன்னுரையில் ஒரு வரி போட்டுவிடுகிறேன், வேறு வழி தெரியவில்லை.

இன்னும் ஒரு சொல் பாக்கி. பயிற்சிக்காக ஒளிந்துகொள்பவருக்கு என்ன பெயர்? காணாமல்போனவர் என்று எழுத முடியாது, காணாமல்போனவர் வேறு இருக்கிறார். ஐஸ்பாய் விளையாட்டில் ஒளிகிறவனுக்கு எங்கள் தெருவில் தனிப் பெயர் இருந்ததாக நினைவில்லை, உங்கள் ஊரில் இருந்தால் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை என்னை மறுபடியும் கண்மாய்க்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், அதற்குள் என் பதவிக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டால் நல்லது.