வில்லன் இல்லாத படங்க தான் எனக்கு மனசுல நிக்குது, உங்களுக்கு எப்படி?

ஜன்னலோரம்:
நான் விமர்சனம் எழுதற ஆள் எல்லாம் இல்லங்க. மாசத்துக்கு ஒண்ணோ ரெண்டோ படம் தியேட்டர்ல, மிச்சம் ஓடிடில, அவ்ளோதான். போன வாரம் சும்மா உக்காந்து 2024, 2025ல பாத்த தமிழ் படம் எல்லாத்தையும் எழுதிப் பாத்தேன், எதெது சீன் சீனா ஞாபகம் இருக்குன்னு. எழுதி முடிச்சப்புறம் தான் கவனிச்சேன், ஞாபகம் இருக்கற படம் பாதிக்கு மேல வில்லனே கிடையாது.

மெய்யழகன் எடுத்துக்கோங்க. சொத்து தகராறுல ஊர விட்டுப் போன ஒருத்தர் வருஷக்கணக்கு கழிச்சு தங்கச்சி முறை பொண்ணு கல்யாணத்துக்கு வராரு, ஒருத்தன் அத்தான் அத்தான்னு ஒட்டிக்கறான், அவன் பேரு என்னன்னே இவருக்கு ஞாபகம் வரல. கதையே இவ்ளோதான். ஆனா கல்யாண மேடைல அரவிந்த் சாமி அந்தப் பொண்ணுக்கு நகைய ஒவ்வொண்ணா போட்டு விடற இடத்துல நான் அழுதுட்டேன், பக்கத்து சீட்ல இருந்த பெரியவரும் கண்ண தொடச்சுக்கிட்டு இருந்தாரு. பேரு கூட தெரியாம இவ்ளோ அன்ப வாங்கிக்கிட்டோமேங்கற கூச்சம் தான் அவர போட்டு அடிக்குது, வேற யாரும் அடிக்கல.

லப்பர் பந்தும் அப்படித்தான், ஒரு பேட்ஸ்மேனுக்கும் ஒரு பவுலருக்கும் ஈகோ, நடுவுல அந்த பேட்ஸ்மேனோட பொண்ணு, ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கு. டூரிஸ்ட் பேமிலிலயும் ஒரு பெரிய கெட்டவன் கிடையாது. ஆனா பெரிய ஹீரோ படம் பாத்தா தியேட்டர்ல கைதட்டிட்டு தான் வரேன், ரெண்டு நாள்ல கதை மறந்துடுது. இது எனக்கு மட்டும் தானா, இல்ல எல்லாருக்குமா? உங்க லிஸ்ட்டயும் சொல்லுங்க.

கடைசிவரிசை:
சகோ நீங்க சொல்றதுல பாதி தான் ஒத்துக்குவேன். மகாராஜா பாத்தீங்களா? அதுல வில்லன் இருக்கான், அதுவும் எப்பேர்ப்பட்ட வில்லன். குப்பைத்தொட்டிய காணோம்னு ஒருத்தர் போலீஸ் ஸ்டேஷன்ல வந்து நிக்கறாருன்னு ஆரம்பிச்சு, காலத்த முன்ன பின்ன மாத்தி மாத்திப் போட்டு, கடைசில எல்லாத்தையும் ஒண்ணா கோர்க்கற இடத்துல எனக்கு மூச்சே நின்னுடுச்சு. அனுராக் காஷ்யப் பண்ண அந்த ஆளு வீட்டுக்குள்ள வேற மனுஷன், பொண்டாட்டி பொண்ணுன்னா உயிர், அதனால தான் அந்த க்ளைமாக்ஸ் அவ்ளோ வலிக்குது (பாக்காதவங்களுக்காக இதுக்கு மேல சொல்லல). விஜய் சேதுபதியோட 50வது படம், பஞ்ச் டயலாக் பேசிக்கிட்டு நடந்து வந்திருக்கலாம், சலூன் கடைக்காரரா தோள கூனிக்கிட்டு நின்னாரு பாருங்க, அங்க தான் அவரு எனக்கு பெரிய ஆளா தெரிஞ்சாரு.

வில்லன் இருக்கறது பிரச்சனை இல்ல, வில்லனுக்குன்னு எழுத மாட்டேங்கறாங்க பாருங்க அதான் பிரச்சனை. கூலில நாகார்ஜுனா, சௌபின், ரச்சிதா ராம்னு எத்தன பேரு? சௌபின் மட்டும் தான் எனக்கு ஒட்டினாரு, மனுஷன் பின்னி எடுத்துட்டாரு. மத்தவங்க வந்தாங்க போனாங்க. ரஜினி படம்னு ஆசையா இருந்த என் பையனுக்கு ஏ சர்ட்டிபிகேட்ங்கறதால டிக்கெட்டே இல்ல, அது வேற வருத்தம்.

நிலாச்சோறு:
மெய்யழகன் பத்தி ஒண்ணு சொல்லணும் ஜன்னலோரம். ரிலீஸ் ஆகி கொஞ்ச நாள்லயே கிட்டத்தட்ட 18 நிமிஷம் வெட்டிட்டாங்க, நான் முதல் நாளே முழுசா பாத்தவ. வெட்டினதுக்கப்புறம் அம்மாவ கூட்டிட்டு ரெண்டாவது தடவ போனேன், அந்த ராத்திரி பேச்சுல ஒரு சுத்து குறைஞ்ச மாதிரி இருந்துச்சு. லென்த்னு நிறைய பேரு கத்தினாங்க, ஆனா அந்தப் படமே ரெண்டு பேரு தூக்கம் வராம பேசிக்கிட்டே இருக்கறது தானே, அதுல அவசரப்பட்டா என்ன மிச்சம் இருக்கும்? இந்தியன் 2க்கும் ரிலீசுக்கு அப்புறம் ஏறக்குறைய 12 நிமிஷம் வெட்டினாங்க, அங்க எனக்கு எந்த வித்தியாசமும் தெரியல. அப்ப நிமிஷக் கணக்கு இல்ல விஷயம், அடுத்து என்ன பேசுவாங்கன்னு நமக்கு ஆர்வம் இருக்கா இல்லையாங்கறது தான்.

அப்புறம் லப்பர் பந்துல வில்லன் இல்லன்னு சொன்னீங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்லங்க. அந்த பவுலர் அன்புவ டீமுக்குள்ள விடாம தள்ளி வைக்கறாங்களே, அங்க ஜாதி இருக்கு, அதான் வில்லன். ஒரு ஆள் மூஞ்சியில ஒட்டாம விட்டிருக்காங்க, அதனால உங்களுக்கு தெரியல. எனக்கு அந்தப் படத்துல கெத்து, அன்பு ரெண்டு பேரையும் விட கெத்து பொண்டாட்டியா ஸ்வாசிகா பண்ண யசோதை தான் நிக்கறா. கெத்து ஊருக்கு பெரிய பேட்ஸ்மேன், வீட்ல அவ முறைச்சா அவ்ளோதான், அந்த பயத்துலயும் ஒரு காதல் தெரியும் பாருங்க, தினேஷ் அத கண்ணாலயே காட்டிடுவாரு.

மழைக்கால ஷோ:
எல்லாரும் ஒரு பக்கமே பேசறீங்க, நான் மாத்தி சொல்றேன் கோச்சுக்காதீங்க. வில்லன் இல்லன்னா மட்டும் படம் நல்லா இருந்துடாது. 3 பிஹெச்கே பாத்தேன், ஒரு குடும்பம் சொந்த வீடு வாங்கணும்னு காலம் பூரா பாடுபடுது, சரத்குமார் தேவயானி சித்தார்த் எல்லாரும் நல்லா பண்ணிருக்காங்க, ஆனா காசு சேரும்போதெல்லாம் ஒரு கஷ்டம் வந்து எடுத்துட்டுப் போயிடும், மூணாவது தடவ அப்படி வரும்போது அடுத்து இதான் நடக்கும்னு எனக்கே தெரிஞ்சு போச்சு. வாடகை வீட்லயே வளந்தவன் நான், எனக்கே ஒட்டலன்னா பாத்துக்கோங்க.

டிராகன் அதே டைப் தான் ஆனா வேற லெவல். 48 அரியர் வச்சுக்கிட்டு போலி சர்ட்டிபிகேட்ல வேலைக்குப் போறான், மிஷ்கின் பிரின்சிபாலா வந்து பிடிக்கறாரு. மிஷ்கின் வில்லன் இல்ல, அவரு சொல்றது அத்தனையும் கரெக்ட், ஆனா நாம ஹீரோ பிரதீப் மாட்டிக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டு உக்காந்திருக்கோம். தப்பு பண்றவன் பக்கம் நம்மள உக்கார வச்சுட்டு, கடைசில அவனால யாருக்கு நஷ்டம்னு காட்டும்போது பொளேர்னு இருந்துச்சு.

அமரன யாரும் சொல்லலயே? மேஜர் முகுந்த் வரதராஜன் 2014ல வீரமரணம் அடைஞ்சாருன்னு தெரிஞ்சு தான எல்லாரும் போனோம், சஸ்பென்ஸ் ஒண்ணும் கிடையாது. ஆனாலும் அவரு மனைவியா வர்ற சாய் பல்லவி போன்ல பேசற ஒவ்வொரு சீனும் இதுதான் கடைசி போனோன்னு பயந்துக்கிட்டே பாத்தேன்.

ஜன்னலோரம்:
எல்லாருக்கும் நன்றிங்க. நிலாச்சோறு அக்கா, ஜாதி விஷயத்துல நீங்க சொன்னது சரிதான், நான் மாமனார் மருமகன் சண்டையாவே பாத்துட்டேன், இன்னொரு தடவ பாக்கறேன். கடைசிவரிசை, மகாராஜா நான் பாதில நிறுத்தினது, கூட பொண்ணு உக்காந்திருந்தா, அவளுக்கு அந்த வயலன்ஸ் வேணாம்னு ஆஃப் பண்ணிட்டேன். அவ தூங்கினதும் தனியா உக்காந்து முடிக்கறேன்.

மழைக்கால ஷோ, 3 பிஹெச்கேல நான் உங்க கட்சி இல்ல. எங்க வீட்ல அப்பா பாஸ்புக்க எடுத்து எடுத்துப் பாத்துட்டு பேசாம உள்ள வச்சுடுவாரு, அந்த முகத்த நான் சரத்குமார் கிட்ட பாத்தேன். திரும்பத் திரும்ப அதே தான் நடக்கும், எங்களுக்கும் அப்படித்தான் நடந்துச்சு.

டூரிஸ்ட் பேமிலி யாருமே பேசலயே, அந்த வயசான அம்மா இறந்தப்புறம் காலனி ஜனமே ஒண்ணா வந்து நிக்கற சீன் பத்தி யாராவது சொல்லுவீங்கன்னு பாத்தேன்.

நிலாச்சோறு:
அந்த சீன எழுத ஆரம்பிச்சு அழிச்சுட்டேன்ங்க. எங்க அம்மா அந்த இடத்துல என் கைய பிடிச்சுக்கிட்டாங்க, படம் முடிஞ்சு விளக்கு போட்டப்புறமும் விடல.