ஓட்டப் படம் பார்த்துவிட்டு ஓடப் போன கதைகள்

வெள்ளவத்தை நடையன்:

"நீங்கள் ஏன் அப்பா ஓடத் தொடங்கினீங்க?" என்று நேற்று மகன் கேட்டான். சீனி கூடிவிட்டது, டொக்டர் சொன்னார் என்று சமாளித்துவிட்டேன். உண்மையான காரணம் சிவகார்த்திகேயன் என்று பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

2013. 'எதிர்நீச்சல்' வந்த நேரம். குஞ்சிதபாதம் என்ற பெயரை வைத்து எல்லோரும் பகிடி பண்ணும் ஒருவன், பெயரை மாற்றிக்கொண்டு, கடைசியில் சென்னையில் மரதன் ஓடுவான். தியேட்டரை விட்டு வெளியே வரும்போதே எனக்குக் கால் துறுதுறுத்தது. அடுத்த ஞாயிறு விடியற்காலை ஐந்தரைக்குக் கொழும்புச் சுதந்திர சதுக்கத்தில் நின்றேன். பழைய கன்வஸ் சப்பாத்து, மச்சான் கனடாவிலிருந்து அனுப்பிய ரீசேட், தலைக்குள் அனிருத்தின் பாட்டு. ஒரு சுற்றுக்கூட முடியவில்லை. விலாவில் பிடித்துக்கொண்டது. மரத்தடியில் குந்திவிட்டேன்.

அங்கேதான் அங்கிளைச் சந்தித்தேன். வெள்ளைத் தொப்பி, கையில் குடை, அறுபது வயது இருக்கும். "புதா, இன்றைக்கு முதல் நாளா?" என்று சிங்களத்தில் கேட்டார். ஓம் என்றேன். என் சப்பாத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்துகொண்டு, கருணானந்தாவைத் தெரியுமா என்று கேட்டார்.

தெரியாது. ஓட்டம் என்றால் எனக்குத் தெரிந்தது இலங்கைக்கு ஒலிம்பிக் பதக்கம் வாங்கித் தந்த சுசந்திகா. அவருக்கு முன்னால் 1948இல் லண்டனில் 400 மீற்றர் தடைதாண்டலில் வெள்ளி வாங்கிய டங்கன் வைட். அத்தோடு சரி.

அங்கிள் கதையைச் சொல்லத் தொடங்கினார். 1964, டோக்கியோ ஒலிம்பிக், 10,000 மீற்றர் இறுதிப் போட்டி. 25 சுற்று. எல்லோரும் ஓடி முடித்துவிட்டார்கள். 67ஆம் இலக்கம் போட்ட ஒருவர் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறார். இவர்தான் கடைசி ஆள், இதோடு முடிந்தது என்று சனம் நினைக்கிறது. அவர் கோட்டைக் கடந்து அடுத்த சுற்றுக்குப் போகிறார். சிலர் சிரிக்கிறார்கள். இன்னொரு சுற்று. சிரிப்பு மெல்ல அடங்குகிறது. கடைசிச் சுற்றில் அரங்கம் முழுக்க எழுந்து கைதட்டுகிறது. அவர்தான் இலங்கையின் ரணதுங்க கருணானந்தா. ஜப்பான்காரர் அந்தக் கதையைப் பள்ளிக்கூடப் பாடப்புத்தகத்தில் போட்டார்கள். அது நடந்தபோது தான் சின்னப் பெடியன், வானொலியில் கேட்டுத்தான் தெரியும் என்றார் அங்கிள்.

நான் பாதிதான் நம்பினேன். வயதானவர்கள் காலைக் காற்றில் எதையும் கொஞ்சம் ஊதிச் சொல்வார்கள்.

2020 ஊரடங்கில், வீட்டுக்குள்ளே அடைந்து கிடந்தபோது, அந்த ஒலிம்பிக்கைப் பற்றிக் கொன் இச்சிகாவா எடுத்த ஆவணப்படம் கையில் கிடைத்தது. 1965இல் வந்தது. இரண்டரை மணித்தியாலத்துக்கு மேல் ஓடும். யார் வென்றார் என்ற கணக்கில் அந்த மனுசனுக்கு அக்கறையே இல்லை. வியர்வை, கால் விரல், தனியே இருந்து சாப்பிடும் சாட் நாட்டு ஓட்டக்காரர், மழைக்குக் குடை பிடித்த சனம் என்று கமரா தன் பாட்டில் அலைகிறது. நான் 67ஐத் தேடிக்கொண்டிருந்தேன். வந்தார். அங்கிள் ஊதிச் சொல்லவில்லை.

அதே போட்டியில் முதலாவதாக வந்தவர் யார் என்று பிறகு தேடினேன். பில்லி மில்ஸ். லக்கோட்டா பழங்குடி, அமெரிக்கர். அவரை யாரும் கணக்கிலேயே எடுக்கவில்லை. கடைசிச் சுற்றில் ஆஸ்திரேலியாவின் ரொன் கிளார்க் தள்ளிவிட, துனீசியாவின் கமூடி இடையில் புகுந்து போக, மூன்றாமிடத்துக்குப் பின்தங்கியவர் வெளிப்பக்கமாக வந்து இருவரையும் பிடித்தார். நேரம் 28 நிமிடம் 24.4 விநாடி. அவருக்கு முன்னும் பின்னும் இன்றுவரை வேறெந்த அமெரிக்கரும் அந்தத் தங்கத்தைத் தொடவில்லை. அவரைப் பற்றி 1983இல் 'ரன்னிங் பிரேவ்' என்று ஒரு படம் வந்தது. சுமாரான படம்தான். பல்கலைக்கழகக் காட்சிகள் இழுபடுகின்றன. ஆனால் டோக்கியோ ஓட்டம் வந்ததும் நான் கதிரையை விட்டு எழுந்துவிட்டேன். முடிவு தெரிந்த ஓட்டத்துக்கு நெஞ்சு ஏன் அடித்துக்கொள்கிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஒரே ஓட்டம், ஒரே சுவடு. முதலாம் ஆளுக்கு முழுநீளப் படம். கடைசி ஆள் எங்கள் ஊர். அவரை நான் ஒரு மரத்தடியில் கேள்விப்பட வேண்டியிருந்தது.

சரி, உங்கள் கதைகளைச் சொல்லுங்கள். ஓட்டப் படம் எதைப் பார்த்தீர்கள், பார்த்த பிறகு என்ன செய்தீர்கள்? மில்கா சிங் படம், 'செரியட்ஸ் ஒஃப் ஃபயர்' எல்லாம் பரவாயில்லை.

ஸ்டொப்வொட்ச்:

பரவாயில்லை என்று நீங்கள் சொன்னால் போதுமா? மில்கா ஓடியது 400 மீற்றர். 'செரியட்ஸ் ஒஃப் ஃபயர்' 100ம் 400ம். இரண்டும் குறுந்தூரம். கடற்கரையில் வெறுங்காலோடு மெதுவாக ஓடிக் காட்டி, பின்னால் வங்கெலிஸின் இசையைப் போட்டதில் உலகமே அதை நெடுந்தூரப் படம் என்று நம்பிவிட்டது.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை ஓட மாட்டேன் என்று அதன் நாயகன் எரிக் லிடெல் கப்பல் ஏறும்போது முடிவெடுப்பதாகப் படத்தில் வரும். உண்மையில் அட்டவணை அவருக்குப் பல மாதம் முன்பே தெரியும். அதனால்தான் 400க்குப் பயிற்சி எடுக்க அவகாசம் கிடைத்தது. மாதக்கணக்கில் தனியே செய்த பயிற்சியைப் படமாக்குவது கஷ்டம், கப்பல் சுகம்.

நான் படம் பார்த்து ஓடவில்லை. படம் பார்த்துத் திருத்துகிறவன்.

கொட்டாஞ்சேனை அக்கா:

நடையன் தம்பி, நீங்கள் அந்தப் படத்தில் குஞ்சிதபாதத்தைப் பார்த்தீர்கள். எனக்கு நினைவில் நிற்பது வள்ளி. அவனுக்கு ஓடப் பழக்குகிற பெண். அவள் ஏன் ஓடுவதை விட்டாள் என்ற கதை வரும் இடத்தில் தியேட்டரில் விசிலெல்லாம் நின்றுபோனது. அதைப் பார்க்கும்போது எங்கள் எல்லோருக்கும் புதுக்கோட்டைச் சாந்தி சௌந்தரராஜன்தான் கண்ணுக்குள் வந்தார். 2006இல் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீற்றரில் வெள்ளி வென்றவர். பாலினச் சோதனை என்ற பெயரில் அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். படத்தில் அந்தப் பகுதி கொஞ்ச நேரம்தான். பிறகு பாட்டு, காதல், பகிடி. அந்தக் கொஞ்ச நேரத்தையே முழுப்படமாக எடுத்திருக்கலாம் என்பது என் கருத்து.

என் கதை சின்னது. தொண்ணூறுகளில் நான் படித்த பள்ளிக்கூடத்தின் இல்ல விளையாட்டுப் போட்டியில் 1500 மீற்றர் பெடியன்களுக்கு மட்டும்தான். நானும் இன்னும் இரண்டு பேரும் போய்க் கேட்டோம். "பெண்பிள்ளைகள் அவ்வளவு தூரம் ஓடினால் மயங்கி விழுவார்கள், பெற்றோருக்கு யார் பதில் சொல்வது?" என்றார் பொறுப்பாக இருந்தவர். அவர் கெட்டவர் இல்லை. பெரியவர்களே அப்படித்தான் நினைத்தார்கள். 1928 ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீற்றர் ஓடிக் களைத்துப் படுத்ததைப் பார்த்துப் பயந்து, அந்தப் போட்டியை 1960 வரை நிறுத்தியே வைத்தார்கள். பெண்களுக்கு ஒலிம்பிக் மரதன் வந்தது 1984இல்தான்.

எங்கள் மூவரில் ஒருத்தி இப்போது லண்டனில். போன வருடம் அங்கே அரை மரதன் ஓடிவிட்டு, கழுத்தில் பதக்கத்தோடு வட்ஸ்அப்பில் படம் போட்டாள். கீழே அந்த ஆசிரியரின் பெயரை மட்டும் எழுதியிருந்தாள். விழுந்து விழுந்து சிரித்தோம்.

தெகிவளை ரியூஷன்:

எத்தியோப்பிய நெடுந்தூர ஓட்டக்காரர் ஹைலி கெப்ரசெலாசி தன் கதையில் தானே நடித்த 'எண்டியூரன்ஸ்' பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? 1999இல் வந்தது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடுவாராம், புத்தகங்களை இடக்கையில் இடுக்கிக்கொண்டு. பிறகு உலகச் சாதனை செய்த காலத்திலும் அவருடைய இடக்கை மடங்கித்தான் இருந்தது. இதை என் மகனிடம் ஊக்கமாகச் சொன்னேன். "அப்பா, என் ரியூஷன் பையோடு ஓடினால் முதுகுதான் மடங்கும்" என்றான். பேச்சு முடிந்தது.

கொட்டகலைக் கால்:

நான் புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் வேலை செய்கிறேன், ஊர் கொட்டகலைப் பக்கம். 'பான் சிங் தோமர்' படத்தைக் கடைக்கு மேலே நாங்கள் தங்கும் அறையில், ஆறு பேர் ஒரு போனைச் சுவரில் சாய்த்துவைத்துப் பார்த்தோம். ஹிந்தி யாருக்கும் தெரியாது. இர்பான் கானின் முகம் போதும்.

அதில் அவன் இராணுவத்தில் விளையாட்டுப் பிரிவுக்குப் போவதே அங்கே சாப்பாடு கூடக் கிடைக்கும் என்றுதான். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் தம்பியும் ஓடினவன். வலயப் போட்டிக்குப் போனால் குளுக்கோஸ் பைக்கற்றும் பணிசும் தருவார்கள், பணிசை எனக்குக் கொண்டுவந்து தருவான். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஓட்டம் பழக்கத் தேவையில்லை. பள்ளிக்கூடம் போய் வருவதே ஏற்றமும் இறக்கமும்தான். மலையகத்திலிருந்து போய் 5,000, 10,000 மீற்றரில் தேசிய மட்டத்தில் வென்ற சண்முகேஸ்வரனை இப்போது எல்லோருக்கும் தெரியும். அவர் பெயரைச் சொல்லித்தான் இப்போது எங்கள் பக்கத்துப் பெடியன்களை ஓடவிடுகிறார்கள்.

தம்பி ஒருமுறை கொழும்புக்கு, சுகததாச அரங்குக்கு ஓட வந்தான். அதுவரை ஓடியது புல்லிலும் செம்மண்ணிலும். வெறுங்காலோடு ஓட விடமாட்டார்கள் என்று யாரோ ஆணிச் சப்பாத்து இரவல் கொடுத்தார்கள். ஒன்பதாம் இலக்கம். அவனுக்கு ஏழு. முன்பக்கம் பத்திரிகைத் தாளை அடைத்துக்கொண்டு 3000 மீற்றர் தடைதாண்டலில் இறங்கினான். அதில் ஏழு தடவை தண்ணீருக்குள் பாய வேண்டும். முதல் பாய்ச்சலிலேயே தாள் ஊறிப்போனது. மூன்றாவதில் ஒரு சப்பாத்து தண்ணீரிலேயே நின்றுவிட்டது. கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தபோது அவன் சுவட்டை விட்டு இறங்கி நடந்து போய்விட்டான்.

எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலா 1960இல் ரோமில் வெறுங்காலோடு ஓடி மரதன் வென்றார் என்று எல்லோரும் வறுமைக் கதையாகச் சொல்வார்கள். அவருக்குச் சப்பாத்து கொடுத்தார்கள், அது காலைக் கடித்தது, அதனால் கழற்றிவிட்டார். கழற்ற அவருக்கு அனுமதி இருந்தது. டோக்கியோவில் அளவான சப்பாத்து போட்டு ஓடினார், அதிலும் அவர்தான் முதல்.

நடையன் அண்ணா எழுதிய 67ஆம் இலக்கக் கதையைத் தம்பிக்கு அனுப்பினேன். படித்துவிட்டான் என்று இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை. அவன் அந்த நாளைப் பற்றி என்னோடு கதைத்ததே இல்லை. நானும் கேட்டதில்லை.

கொட்டாஞ்சேனை அக்கா:

கால் தம்பி, அனுப்பியிருக்க வேண்டாமோ என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. இறங்கிப் போனவனுக்கு, இறங்காமல் ஓடினவன் கதை குத்தலாகவும் படலாம். கோபிக்க வேண்டாம்.

கொட்டகலைக் கால்:

கோபம் இல்லை அக்கா. அனுப்பிய பிறகு எனக்கும் அப்படித்தான் இருந்தது.

வெள்ளவத்தை நடையன்:

கால் தம்பி, உங்கள் பதிவை இரண்டு தரம் வாசித்தேன். ஒன்று சொல்கிறேன். கருணானந்தாவைப் பற்றி எழுதும்போது நான் "எழுந்து கைதட்டுகிறது" என்பதில் நிறுத்திவிட்டேன். முதலில் சிரித்தார்கள் என்பதை ஒரே வரியில் தாண்டிப் போனேன். அந்தச் சிரிப்பு நடுவே ஓடுவது எப்படி இருந்திருக்கும் என்று உங்கள் தம்பிக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. வீட்டில் ஒரு சின்ன மகள் இருக்கிறாள், அவள் வளர்ந்ததும், அப்பா தோற்றாலும் கடைசிவரை ஓடினேன் என்று சொல்வேன் என்று அவர் சொன்னதாகக் கதை. அது இல்லாமல் அந்தக் கடைசிச் சுற்றுகள் ஓடியிருக்குமா தெரியவில்லை.

போன சனிக்கிழமை நடந்ததையும் சொல்ல வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு அங்கிளைக் காணவில்லை. போய்ச் சேர்ந்துவிட்டார் என்றே நினைத்திருந்தேன். சனி காலை அதே மரத்தடியில், அதே தொப்பி. குடைக்குப் பதில் கைத்தடி. முழங்கால் சத்திரசிகிச்சையாம். "அங்கிள், உங்களுக்கு ஒன்று காட்ட வேண்டும்" என்று போனை எடுத்தேன்.

வெயில் ஏறிவிட்டதால் திரை தெரியவில்லை. மண்டபத்தின் தூண் நிழலுக்குப் போனோம். என் தொப்பியைப் போனுக்கு மேலே கவிழ்த்துப் பிடித்தேன். கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிக்கொண்டு முகத்துக்கு மிகக் கிட்டே வைத்துப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது: அறுபது வருடமாக இந்தக் கதையைச் சொல்லி வந்த மனிதர் அதை ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை.

67 வந்ததும் "மெல்லிசு ஆள்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. திரும்பப் போடச் சொன்னார். போட்டேன். மூன்றாம் தடவை பாதியில் பற்றரி முடிந்து போன் அணைந்துவிட்டது. கறுப்புத் திரையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு, மகள் வீட்டில் பெரிய ரீவி இருக்கிறது, இதை அதில் போடலாமா என்று கேட்டார். ரீவி கொஞ்சம் பழையதாம், இணையம் வராதாம். வருகிற சனி வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார், பாற்சோறும் கட்டச் சம்பலும் தருவார்களாம்.

யாருக்காவது தெரியுமா, போனிலிருந்து அப்படிப்பட்ட ரீவிக்கு எப்படி இணைப்பது?

ஸ்டொப்வொட்ச்:

முதலில் ரீவியின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எச்டிஎம்ஐ துளை இருந்தால் யூனிட்டி பிளாசாவில் உங்கள் போனுக்குப் பொருந்தும் இணைப்பானும் வயரும் வாங்கலாம், போனையும் கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள். எல்லாப் போனும் இதற்கு ஒத்துவராது. அப்படியென்றால் என்னிடம் பழைய லப்டொப் ஒன்று இருக்கிறது, சனி காலை நானும் வருகிறேன்.

பற்றரியை முழுக்க ஏற்றிக்கொண்டு வாருங்கள்.