காவேரிக் கரையில ஒரு ராத்திரி, அஞ்சு பேரு, ரெண்டு தூண்டில்: சாப்பாட்டுக்கு என்ன பண்றது?

பனியன்_கம்பெனி_பையன்:

வணக்கமுங்க. நாங்க அஞ்சு பேரு, திருப்பூர்ல ஒரே கம்பெனி. வர்ற சனிக்கிழமை மத்தியானம் கிளம்பி நெரிஞ்சிப்பேட்டைப் பக்கம் போறோம். கூட வேலை செய்யறவனோட மாமா தோட்டம் ஆத்தை ஒட்டியே இருக்கு, அங்க தங்கிக்கச் சொல்லிட்டார். ஞாயிறு மத்தியானம் திரும்பிருவோம். ரெண்டு தூண்டில், ஒரு டென்ட் இருக்கு. அஞ்சு பேர்ல ஒருத்தனுக்கும் டீயைத் தாண்டி எதுவும் வைக்கத் தெரியாது. மீன் புடிச்சு அங்கேயே குழம்பு வெச்சு சோறு திங்கலாம்னு ஆசை. நூடுல்ஸ் மட்டும் வேண்டாம், போன தடவை ஏற்காட்டுல மூணு வேளையும் அதுதான். என்னென்ன எடுத்துட்டுப் போகணும்? கேஸ் அடுப்பு வாங்கணுமா, விறகு போதுமா?

சேலத்து_மாப்ள:

பவானியில பிரியாணி பார்சல் வாங்கிட்டுப் போங்க ப்ரோ. கதை முடிஞ்சுது.

அம்மாபேட்டை_தூண்டில்:

தம்பி, பார்சல் வாங்கறதுக்கு ஆத்தங்கரை எதுக்கு, கம்பெனி கேன்டீன்லயே உக்காந்து திங்கலாமே.

நான் பக்கத்து ஊருதான். 30 வருசத்துக்கு மேல அந்தக் கரையில தூண்டில் போடறேன். மொதல்ல ஒண்ணு கேட்டுக்கோங்க: மீனை நம்பி உலை வைக்காதீங்க. ஒரு ஆடி மாசம் எட்டுப் பேரு போனோம். வீட்டுல அம்மியில அரைச்ச மசாலா ஒரு டிபன் டப்பா நிறைய, எண்ணெய், புளி, கறிவேப்பிலை எல்லாம் இருந்துச்சு. அரிசி ரெண்டே டம்ளர். ராத்திரி ஒம்பது மணிக்கு எங்ககிட்ட இருந்தது விரல் நீளத்துல ரெண்டு கெண்டை. அன்னைக்கு நாங்க பன்னுல மசாலாவைத் தடவித் தின்னது இன்னிக்கும் எங்க ஊட்டுல பேச்சு.

அதனால சோறு தனியா, மீன் தனியா. மீன் வந்தா தொட்டுக்க, வராட்டி அப்பளம்.

சோத்துக்கு நம்மூர் அரிசிம்பருப்பை விட்டா வேற கெதி கிடையாது. ஒரே போசி, வடிக்கற வேலையில்ல, குழம்பும் வேண்டாம். அஞ்சு பேருக்கு 4 டம்ளர் அரிசி, 1 டம்ளர் துவரம்பருப்பு. தண்ணி 15 டம்ளர். ஆறு லிட்டர் போசி வேணும், சின்னதுல வெச்சீங்கன்னா பொங்கி நெருப்பை அணைச்சுரும். கால் கிலோ சின்ன வெங்காயம், ரெண்டு பூண்டு, நாலு தக்காளி, ஏழெட்டு வரமொளகா. சீரகமும் மிளகும் வீட்டுலயே நுணுக்கிப் பொட்டலம் கட்டிக்கோங்க. மஞ்சத்தூள், கல்லுப்பு, கடலெண்ணெய். உரிக்கற வேலையை வெள்ளிக்கிழமை ராத்திரியே முடிச்சுருங்க. இருட்டுல தலையில டார்ச் கட்டிட்டு சின்ன வெங்காயம் உரிக்கறது ஒரு தண்டனை.

குக்கர் இல்லாம பருப்பு சீக்கிரம் வேகாது. டென்ட் அடிக்கப் போறதுக்கு முன்னாடியே பருப்பைத் தண்ணியில போட்டுருங்க, ஒரு மணி நேரம் ஊறட்டும். அரிசி கால் மணி நேரம் ஊறினாப் போதும். எண்ணெய் காஞ்சதும் கடுகு, வரமொளகா, கறிவேப்பிலை, அப்பறம் வெங்காயம் பூண்டு. வெங்காயம் கண்ணாடியாட்டம் ஆனதும் தக்காளி, மஞ்சத்தூள், பொடி. தண்ணியை ஊத்திப் பருப்பை மட்டும் போடுங்க. பருப்பை எடுத்து நசுக்கிப் பாருங்க. நடுவுல வெள்ளைப் பொட்டு மட்டும் மிச்சம் இருக்கறப்ப அரிசியும் உப்பும் போடணும். தண்ணி வத்தி மேல குழி குழியா ஓட்டை விழுந்ததும் விறகை வெளிய இழுத்துட்டு, மூடி மேல நாலு கங்கை அள்ளிப் போட்டு, சித்த நேரம் அப்படியே உட்ருங்க. கிண்டாதீங்க. அடியில புடிக்கற காந்தலுக்கு அஞ்சு பேரும் சண்டை போடுவீங்க. நெய் ஒரு சின்ன பாட்டில் எடுத்துக்கோங்க, அதுல கஞ்சத்தனம் வேண்டாம்.

கேஸ் அடுப்பு வேண்டாம். தோட்டத்துல தேங்காய் மட்டை, பன்னாடை கெடக்கும், பத்த வைக்க அது போதும். நின்னு எரியறதுக்கு சீமைக்கருவேல விறகு. அரளிக் குச்சி மட்டும் அடுப்புக்கும் வேண்டாம், மீன் குத்திச் சுடறதுக்கும் வேண்டாம். அது முழுக்க விசம். அடுப்புக்கு மூணு கல்லைத் தோட்டத்துப் பக்கம் இருந்து எடுங்க. தண்ணிக்குள்ள கெடந்த கல்லு உள்ள ஈரத்தோட சூடேறினா வெடிச்சுத் தெறிக்கும்.

காலையில ரவை. வீட்டுல யாராச்சும் வறுத்து, கடுகு உளுந்து தாளிச்சுக் கலந்து டப்பாவுல குடுத்தா, அங்க தண்ணி கொதிக்க வெச்சுக் கொட்டறதுதான் வேலை. கூட நெத்திலிக் கருவாடு, கங்குல சுட்டது. உப்புமாவும் கருவாடுமான்னு சிரிப்பீங்க. தின்னுட்டுச் சிரிங்க.

குடிக்க, சமைக்க 20 லிட்டர் கேன் ரெண்டு. ஆத்துத் தண்ணி கை கால் கழுவ மட்டும்.

இன்னொண்ணு. அங்க ஆத்துக்குக் குறுக்க கதவு வெச்சுக் கட்டின கதவணை இருக்கு, அதுக்கு மேல தண்ணி ஏரியாட்டம் நிக்கும். கீழ, கதவு தொறந்தா சத்தமில்லாம ஏறும். மணல்ல டென்ட் அடிக்காதீங்க, மேட்டுல அடிங்க. மேட்டூர் 120 அடியைத் தொட்டு உபரித் தண்ணி தொறந்துட்டாங்கன்னு செய்தி வந்தா அந்த வாரம் வரவே வராதீங்க.

பூலாம்பட்டி_அக்கா:

அண்ணா சோத்தைப் பத்திச் சரியா சொல்லிட்டாரு, மீனை அம்போன்னு விட்டுட்டாரு. நாங்க எதிர்க்கரை. தம்பி, உங்களுக்குப் பெரும்பாலும் ஜிலேபிதான் மாட்டும். முதுகு முள்ளு கையைக் கிழிக்கும், ஒரு பழைய துணியால தலையைப் புடிச்சுக்கிட்டு வால் பக்கமிருந்து செதில் எடுங்க. வயித்தைக் கீறும்போது கத்தியை ஆழமா விடாதீங்க. பித்தப்பை உடைஞ்சா அந்த மீன் கசப்புதான். குடலை எடுத்தப்பறம் உள்பக்கம் கறுப்பா ஒரு தோல் ஒட்டியிருக்கும். ஆம்பளைங்க யாரும் அதை எடுக்கறதில்ல, அப்பறம் ஜிலேபி சேத்து வாடை அடிக்குதுன்னு சொல்றது. கல்லுப்பை வெச்சுத் தேய்ச்சா உரிஞ்சு வந்துரும். செவுளையும் புடுங்கிருங்க. கெளுத்தி வந்தா தெரிஞ்சவங்க யாராவது கழட்டட்டும், முள்ளு குத்தினா ராத்திரி பூரா கடுக்கும்.

குழம்பு ஆசையை விடுங்க, முதல் தடவை வறுவல் போதும். மொளகாத்தூள், மஞ்சத்தூள், உப்பு, எலுமிச்சம்பழம், ஒரு கை அரிசி மாவு. சின்ன மீனை முழுசா ரெண்டு பக்கமும் கீறி, தடவி அரை மணி நேரம் வைங்க. தோசைக்கல்லு நல்லா காயட்டும். மீன் தானா கல்லை விடற வரைக்கும் திருப்பாதீங்க. புடிச்ச மீனை வெயில்ல போட்டு வைக்காம உடனே கழுவி ஐஸ்ல வைங்க. குடலைக் குழி தோண்டிப் புதைங்க, நாய் ராத்திரி முழுக்க உங்க டென்ட்டைச் சுத்தும்.

பனியன்_கம்பெனி_பையன்:

அக்கா, அண்ணா, ரொம்ப நன்றிங்க. ஒரு சந்தேகம். போசி எங்கம்மாவோடது. கரி புடிச்சுக் கொண்டு போனா வீட்டுக்குள்ள விடமாட்டாங்க.

அம்மாபேட்டை_தூண்டில்:

அடுப்புல ஏத்தறதுக்கு முன்னாடி வெளிப்பக்கம் பூரா களிமண்ணைக் குழைச்சு மெலிசாப் பூசுங்க. கரி மண்ணு மேலதான் புடிக்கும். ஆறினதும் தண்ணி ஊத்தினா மண்ணோட போயிரும்.

பனியன்_கம்பெனி_பையன்:

போயிட்டு வந்தாச்சுங்க. அரிசிம்பருப்பு கொஞ்சம் குழைஞ்சுருச்சு, தண்ணி அளவுல எவனோ ரெண்டு டம்ளர் கூட ஊத்திட்டான். ஆனா போசியில ஒரு பருக்கை மிஞ்சல. காந்தலுக்கு நெசமாவே சண்டை. ராத்திரி எட்டு வரைக்கும் ஒரு மீன் இல்ல. காலையில மைதா உருண்டை போட்டு ஏழு ஜிலேபி, எல்லாம் உள்ளங்கை அளவு. உப்புமாவுக்கு மீன் வறுவல் தொட்டுக்கிட்டோம். டென்ட்டோட கம்பி திருப்பூர்லயே இருந்துச்சு, அதனால மோட்டார் ரூம் திண்ணையிலதான் தூக்கம்.

பூலாம்பட்டி_அக்கா:

கறுப்புத் தோலை எடுத்தீங்களா? பித்தப்பை?

பனியன்_கம்பெனி_பையன்:

தோல் எல்லாத்துலயும் எடுத்தோம்க்கா. பித்தப்பை ஒண்ணுல உடைஞ்சுருச்சு. அந்த மீனை, கம்பியை விட்டுட்டு வந்தவன் தட்டுல வெச்சுட்டோம்.